தென்கோடி மடை

வடபாதிமேடு,
12.8.2024

அன்புத் தம்பி அன்பரசனுக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. போன மாதம் பார்த்தபோது இருமிக்கொண்டிருந்தாயே, நின்றுவிட்டதா? அங்கே டாக்டர் வந்தால் வாயைத் திறந்து கேள். ரோஷம் பார்க்காதே.

நான் ஊருக்கே வந்துவிட்டேன். திருப்பூர் கம்பெனியில் சொல்லிவிட்டு, அறையைக் காலி செய்து, தையல் மிஷினை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தேன். இனிமேல் கடிதம்தான் போடுவேன். நேரில் வந்தால் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று கத்த வேண்டியிருக்கிறது. உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சும் வருவதில்லை.

வீட்டைத் திறந்ததும் நம் கடைக்குட்டி சேரனுடைய நீலச் சட்டை ஆணியில் தொங்குவதுதான் கண்ணில் பட்டது. அம்மா போனபோது அவன் தவழ்ந்துகொண்டிருந்தான். நீயும் சின்னப் பையன். அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டிய கை இது. அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரியில் துணி சுற்றிக் கொடுத்தார்கள். எலிக்காக வயலைச் சுற்றிக் கரண்டு கம்பி கட்டிய துரைக்கண்ணு மாமா, "கம்பி என்னுது இல்ல" என்று போலீசில் சொல்லிவிட்டு ஜாமீனில் வந்து வெற்றிலை போட்டார். நீ அவர் கையை வெட்டிவிட்டு ஏழு வருடம் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறாய். எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். எழுதினால்தான் எனக்கு ஆறுகிறது.

வந்த அன்றே முள்ளியாற்றங்கரைக் காளி கோயிலுக்குப் போனேன். நம் வயல் மண், உப்பு, மிளகாய் வற்றல் மூன்றையும் சிவப்புத் துணியில் முடிந்து அவள் சூலத்தில் கட்டினேன். கட்டினவள்தான் அவிழ்க்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அந்த ஆள் வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். விளக்குப் போடவில்லை. கேட்டதை முதலில் கொடு, பிறகு எண்ணெய் ஊற்றுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நம் நிலத்தில் சம்பா விதைக்கப் போகிறேன். என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

உன் அக்கா,
செம்மொழி

*

மத்திய சிறை, திருச்சி,
25.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி அன்பரசன் வணக்கம் சொல்லி எழுதுவது. இருமல் குறைந்துவிட்டது. நீ தனியாக அந்த வீட்டில் இருக்கிறாய் என்று நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் ஒன்று. அவனை மாமா என்று எழுதாதே. சின்ன வயதில் கூப்பிட்டதெல்லாம் சேரனோடு போயிற்று.

இங்கே கடிதத்தை அதிகாரிகள் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அதனால் விவசாயம் மட்டும் எழுதுகிறேன். நேரடி விதைப்பே செய். நாற்று விட்டு நடவு நட ஆள் கிடைக்காது. டிராக்டருக்கு என் சிநேகிதன் நெடுஞ்செழியனிடம் சொல், அவன் பார்த்துக்கொள்வான்.

அப்புறம், தென்கோடியில் இருக்கிற மடை. மேற்கே உள்ள வயலில் மழைத் தண்ணீர் நின்றால், அந்த மடை வழியாக நம் நிலத்தில் இறங்கித்தான் வடிகாலுக்குப் போக வேண்டும். அவர்களுக்கு வேறு வழி கிடையாது. இது எந்தப் பத்திரத்திலும் இல்லை. அப்பா வாய்வார்த்தையாக விட்டது. நம் பட்டா நிலத்தில் நம் வரப்பை நாம் உயர்த்திக் கட்டுவதில் சட்டப்படி தப்பில்லை என்று இங்கே விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார்.

ஐப்பசிக்கு முன் அடைத்துவிடு. களிமண் போட்டு மிதி. உனக்குப் புரியும்.

இப்படிக்கு,
அன்பரசன்

*

வடபாதிமேடு,
20.9.2024

அன்புத் தம்பிக்கு,

அக்கா. நலமாக இருக்கிறேன், வெயிலில் கறுத்ததைத் தவிர. நீ சரியாகச் சாப்பிடுகிறாயா?

விதைத்துவிட்டேன். முளைப்பும் நன்றாக வந்திருக்கிறது.

மடையையும் அடைத்தாயிற்று. ஆள் வைக்கவில்லை. நானே களிமண் வெட்டிப் போட்டு, சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு மிதித்தேன். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுதினால் உன் அதிகாரி கறுப்பு மை பூசிவிடுவார். இரண்டரை வருடமாக நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டிருந்தது அன்றைக்குக் கொஞ்சம் இறங்கியது. சாயந்தரம் வந்து இரண்டு தட்டு சோறு தின்றேன்.

அந்த ஆள் மேற்கு வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வலது கையைத் துண்டால் சுற்றி நெஞ்சோடு கட்டியிருந்தார். அது இனி எதற்கும் உதவாது போலிருக்கிறது. வாய்க்கு வந்ததைக் கேட்பார், நானும் பதிலுக்குக் கேட்கலாம் என்று காத்திருந்தேன். துண்டை இழுத்துக் கட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

திருச்சி,
5.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நலம் அறிந்து சந்தோஷம். நானும் சுகமாக இருக்கிறேன். உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்துவிட்டேன். என் பிளாக்கில் இருக்கிற இர்பான், "என்னண்ணே, குழந்த பொறந்திருக்கா?" என்று கேட்டான். அவ்வளவு முகமலர்ச்சியாக இருந்தேனாம்.

மழை வந்ததும் ஒன்று விடாமல் எழுது. தண்ணீர் எது வரைக்கும் நிற்கிறது, பயிர் என்ன நிறம், அவன் முகம் எப்படி இருக்கிறது, எல்லாம். இங்கே உட்கார்ந்து நான் பார்க்கிற மாதிரி எழுது. எனக்கு வேறு என்ன இருக்கிறது?

காளிக்கு இன்னும் விளக்குப் போடவில்லை அல்லவா? போடாதே.

அன்பரசன்

*

வடபாதிமேடு,
18.11.2024

அன்புத் தம்பிக்கு,

சுகம். இங்கே ஒரு வாரமாக மழை. துணி காயவில்லை, விறகு புகைகிறது. உனக்குப் போர்வை போதுமா? போதாது என்றால் நெடுஞ்செழியனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீ கேட்டபடி எழுதுகிறேன். நம் வயலில் தண்ணீர் வடிந்து பயிர் நிமிர்ந்து நிற்கிறது. மேற்கே குளம். வரப்புக்கு மேலே நின்று பார்த்தால் பயிரின் நுனி மட்டும் தெரிகிறது. அதுவும் மஞ்சள் தட்ட ஆரம்பித்துவிட்டது. நான் தினமும் காலையில் காப்பி குடித்துவிட்டுப் போய்ப் பார்த்து வருகிறேன். கோயிலுக்குப் போகிறவள் மாதிரி குளித்துவிட்டுப் போகிறேன், தெரியுமா?

நேற்று அந்த ஆளின் பெண்சாதி பொன்னுத்தாய் வந்தது. குடைகூட இல்லை. வாசலிலேயே நின்றது. நான் உள்ளே கூப்பிடவில்லை.

"மொழி, மடைய ஒரு சாண் மட்டும் தொறந்து வுடு ஆயி. தண்ணி ஏறிக்கிட்டே போவுது."

"உங்க ஊட்டுக் கம்பியில ஏறுன கரண்ட ஒரு சாண் கொறைச்சு வுட்டீங்களா?"

முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டு, "நான் நெல்லுக்காவ கேக்கல மொழி. அங்க வயல்ல..." என்று ஏதோ ஆரம்பித்தது. எனக்கு நடிப்பைக் கேட்கப் பொறுமை இல்லை. கதவைச் சாத்திவிட்டேன். சின்ன வயதில் நமக்கெல்லாம் தலை வாரிவிட்ட பொம்பளைதான். சேரன் பாதி நாள் அந்த வீட்டில்தான் சாப்பிட்டான். அதனால்தான் எனக்கு இரண்டு மடங்கு எரிகிறது. சோறு போட்ட வீட்டுக்காரர்கள் "கம்பி என்னுது இல்ல" என்று சொல்லாமல், "தெரியாம நடந்துபோச்சு" என்று வந்து காலில் விழுந்திருந்தால், நீ இன்றைக்கு இங்கே என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாய்.

காளி காது கொடுத்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

அக்கா

*

திருச்சி,
28.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். போர்வை வேண்டாம்.

புயல் வருகிறது என்று இங்கே டிவியில் சொல்கிறார்கள். டெல்டா முழுக்கக் கனமழையாம். இன்னும் ஒரு வாரம் தாங்கினால் போதும், வேர் அழுகிவிடும். யார் வந்து அழுதாலும் கதவைத் திறக்காதே. பஞ்சாயத்து வைத்தால் பட்டாவை எடுத்து நீட்டு. அவனே வந்து நின்றால், கம்பி யாருடையது என்று கேள். வேறு எதையும் பேசாதே.

மடை உடையாமல் பார்த்துக்கொள். உடனே பதில் போடு.

அன்பரசன்

*

வடபாதிமேடு,
16.12.2024

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. இங்கே மழை, தபால்காரர் சரியாக வருவதில்லை.

புயலில் நம் வீட்டுக் கொல்லையில் முருங்கை சாய்ந்துவிட்டது. கீரையை எல்லா வீட்டுக்கும் கொடுத்தேன். வயல் எங்கே பார்த்தாலும் தண்ணீராகத்தான் இருந்தது. நம் பயிருக்கு ஒன்றுமில்லை. எனக்குக் கொஞ்சம் காய்ச்சல் இருந்தது, இப்போது சரியாகிவிட்டது.

நீ வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

திருச்சி,
2.1.2025

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத இன்றைக்கு மனசில்லை.

மடையைப் பற்றிக் கேட்டால் முருங்கைக் கீரையைப் பற்றி எழுதுகிறாய். அப்போதே எனக்குப் பொறி தட்டியது. நேற்று நெடுஞ்செழியன் மனு போட்டுப் பார்க்க வந்தான். மேற்கு வயல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு, "பாதிப் பயிர் தேறிடுச்சுடா, இப்ப பச்சையா நிக்குது" என்றான். மடை தானாக உடைந்ததா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "அக்காவையே கேளு" என்று சொல்லிவிட்டான்.

நான் இங்கே எதற்காக உட்கார்ந்திருக்கிறேன்? என் பிள்ளை நடக்கப் பழகியதை நான் பார்க்கவில்லை. என் பெண்டாட்டி மயிலாடுதுறையில் அவள் அப்பா வீட்டில் இருந்துகொண்டு என் பெயரைச் சொல்லக் கூசுகிறாள். ஒரே ஒரு வேலை உன்னிடம் கொடுத்தேன். வெட்டவா சொன்னேன்? அடைத்ததை அடைத்தபடி வைத்திரு என்றேன். அது முடியவில்லை உனக்கு.

இனிமேல் எனக்கு எழுதாதே. வந்தாலும் நான் பார்க்க வரமாட்டேன்.

அன்பரசன்

*

வடபாதிமேடு,
14.1.2025

அன்புத் தம்பி அன்பரசனுக்கு,

எழுதாதே என்று சொன்னாய். உன்னையும் வளர்த்தவள் நான், நீ சொல்லி நான் கேட்பதா? பொங்கல் நாளும் அதுவுமாக நீ நன்றாயிருக்க வேண்டும். கிழித்துப் போடுவதென்றாலும் படித்துவிட்டுக் கிழி.

மடையை வெட்டிவிட்டது நான்தான். மண்வெட்டியால் நானே வெட்டினேன். எப்படி என்று கேள்.

புயலுக்கு மறுநாள் விடிந்ததும் வழக்கம்போலப் பார்க்கப் போனேன். பயிர் நுனிகூடத் தெரியவில்லை. வயலுக்குள்ளே பொன்னுத்தாய் அத்தை இடுப்புத் தண்ணீரில் நின்று, கூடையில் மண்ணை வாரி வாரி ஒரு இடத்தில் போட்டுக்கொண்டிருந்தது. போடப் போடக் கரைந்துகொண்டே போனது. அந்த ஆள் பக்கத்தில் நின்று, நல்ல கையால் ஒரு தகரத்தை மண் கரையாமல் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். வரப்பில் நின்று, "பயிரே போச்சு, அங்க என்ன அணை கட்டுறீங்க?" என்று கத்தினேன்.

அத்தை திரும்பிப் பார்த்தது. "பயிரு போனா போவுது மொழி. புள்ள முங்குறான்."

எனக்கு விளங்கவில்லை. தண்ணீரில் இறங்கி நடந்து போனேன். அங்கே ஒரு திட்டு இருக்கிறது, வரப்பிலிருந்து பார்த்து ஏதோ மண்மேடு என்று நினைத்திருந்தேன். சேரன் விழுந்து கிடந்த இடம். மூன்று வருடமாக அந்த இடத்தில் அவர்கள் பயிர் வைக்கவில்லை. மண்ணைக் குவித்து, ஒற்றைச் செங்கல் நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றி, வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். தண்ணீர் செங்கல்லின் கழுத்து வரை ஏறியிருந்தது.

அகாலமாகப் போன பிள்ளைக்குக் கல் நட்டு, சாமியாக்கி, வீட்டோடு நிறுத்திக்கொள்வது நம் வழக்கம். பிள்ளையைப் பறிகொடுத்த வீடு செய்ய வேண்டியது. நாம் செய்தோமா? நீ அரிவாளைத் தேடிப் போனாய். நான் வக்கீலைத் தேடிப் போனேன். அவனைத் தேடி யாரும் போகவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தை உனக்கு எப்படிச் சொல்வது? கொன்றவனே கும்பிடுவதா? அவன் எங்கள் சாமி, உங்களுக்கு எப்படிக் காவல் நிற்பான்? அந்த ஆளின் சட்டையைப் பிடித்து, "யாரக் கேட்டு வச்சீங்க?" என்று உலுக்கினேன். அவர் தகரத்தை விடவில்லை. "கேக்குறதுக்கு யாரும் இல்ல ஆயி" என்றார்.

அப்போதுதான் உன் கேள்வியைக் கேட்டேன். கம்பி யாருடையது என்றேன். என்னைப் பார்த்துச் சொல்ல வேண்டாம், அந்தச் செங்கல்லைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். வரப்பில் அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அவர் செங்கல் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கம்பி என்னுதுதான் சேரா. விடியறதுக்குள்ள அணைக்கணும்னு இருந்தேன், தூங்கிப்புட்டேன். பயந்துகிட்டு பொய் சொன்னேன்" என்றார். கோர்ட்டில் சொல்வீர்களா என்றேன். தலையாட்டினார். மாசியில் வாய்தா இருக்கிறது. நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. பார்ப்போம்.

அதற்குப் பிறகும் நான் யோசித்துக்கொண்டுதான் நின்றேன். மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. மடையைத் திறந்தால் அந்த ஆள் பிழைப்பார். திறக்காவிட்டால் என் பிள்ளை என் கண் முன்னால் இன்னொரு தடவை போவான். நான் மிதித்து மிதித்துக் கட்டிய வரப்பு அவனைத்தான் முக்கிக்கொண்டிருந்தது. ஓடிப் போய் வெட்டினேன். தண்ணீர் என் காலை இழுத்துக்கொண்டு போனது. அங்கேயே உட்கார்ந்து, அவன் போனதிலிருந்து அழாத அழுகையெல்லாம் அழுதேன். அத்தை வந்து என் தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டது. நான் தள்ளிவிடவில்லை.

இதை உனக்கு எழுதப் பயந்துதான் முருங்கைக் கீரையை எழுதினேன்.

அன்று குளித்துவிட்டு நேராகக் காளியிடம் போனேன். முடிச்சை அவிழ்க்கவில்லை. விளக்கு மட்டும் போட்டேன். நான் கேட்டதைக் கொடுத்தாளா, கேட்காததைக் கொடுத்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் என்னை அந்தத் தண்ணீருக்குள் இறக்கியது அவள்தான். இப்போதெல்லாம் அவளிடம் ஒன்றும் கேட்பதில்லை, போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

பதில் போடு தம்பி.

உன் அக்கா,
செம்மொழி

*

வடபாதிமேடு,
27.1.2025

அன்புத் தம்பிக்கு,

உன் பதிலுக்குத் தெருவைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. கோபமாகவே இரு, உடம்பு நன்றாயிருந்தால் போதும்.

அறுவடை மிஷின் அடுத்த வாரம் வருகிறது. நம் வயல் நல்ல விளைச்சல்.

இன்னும் ஒன்று எழுத மறந்துவிட்டேன். மறக்கவில்லை, எழுத வரவில்லை. இப்போது சேரனுக்கு வெள்ளிக்கிழமை விளக்கு நான்தான் போடுகிறேன். நான் வைத்த பிறகுதான் அவர்கள் கும்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அந்த ஆளைத் தவறாமல் வந்து எதிரே நிற்கவும் சொல்லியிருக்கிறேன். அது நான் கொடுத்த தண்டனை. அவரும் வருகிறார்.

கும்பிடத்தான் அவரால் முடியவில்லை. வலது கை இடுப்புக்கு மேல் ஏறுவதில்லை. இடது கையால் அதைத் தூக்கி நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து சேர்க்கப் பார்க்கிறார். சேர்ப்பதற்குள் நழுவி விழுந்துவிடுகிறது. மறுபடியும் தூக்குகிறார். முதல் வாரம் அதைப் பார்க்க எனக்குக் குளிர்ச்சியாக இருந்தது. இரண்டாவது வாரமும் நன்றாகத்தான் இருந்தது. போன வெள்ளிக்கிழமை, "இம்புட்டுத்தான் ஏறுது சேரா" என்று செங்கல்லிடம் சொல்லிவிட்டு ஒற்றைக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சேரனின் நீலச் சட்டையைத் துவைத்து மடித்துவிட்டேன். மாசியில் அவன் திவசம் வருகிறது. கல்லுக்குப் பொங்கல் வைத்துப் படைக்கப் போகிறேன். உனக்காகவும் ஒரு விளக்குப் போடட்டுமா, வேண்டாமா? அதற்காவது ஒரு வரி எழுது.

அக்கா

*

திருச்சி,
6.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். இருமலும் இல்லை. உன் காய்ச்சல் திரும்ப வரவில்லையே? இரண்டு கடிதமும் கிடைத்தன. முதலாவதைக் கிழித்துவிட்டேன். பிறகு இர்பானிடம் பசை வாங்கி ஒட்டிக்கொண்டேன்.

எனக்காக விளக்குப் போடாதே. விடுப்பு கேட்டு மனு கொடுத்திருக்கிறேன். திவசத்துக்கு மூன்று நாள் கிடைக்கலாம் என்கிறார்கள், நிச்சயமில்லை. போலீஸ் காவலோடுதான் அனுப்புவார்கள். கிடைத்தால் நானே வந்து போடுகிறேன். அவனுக்குக் கருவாட்டுக் குழம்பு பிடிக்கும். சாமிக்குப் படைக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் கேட்காதே. அவன் நம் வீட்டுச் சாமி, நம் வீட்டுச் சாப்பாடுதான் சாப்பிடுவான்.

நான் மன்னிக்க வருகிறேன் என்று யாரிடமும் சொல்லிவிடாதே. அதற்காக வரவில்லை. எனக்கு இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. காளியிடம் நீ கட்டிய முடிச்சும் அப்படியே இருக்கட்டும், கண்ணால் பார்க்க வேண்டும்.

ஆனால் அன்றைக்குத் துரைக்கண்ணு மாமா வயலில் இருக்க வேண்டும். என்னைக் கண்டு பயந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொள்ள வேண்டாம் என்று சொல். கல்லுக்கு எதிரே என் பக்கத்தில் வந்து நிற்கட்டும். கை ஏறாவிட்டால் நான் பிடித்துச் சேர்த்துவிடுகிறேன். எங்கே வெட்டினேன் என்று எனக்குத் தெரியும். எங்கே பிடித்தால் ஏறும் என்றும் எனக்குத்தான் தெரியும்.

உன் தம்பி,
அன்பரசன்